லாங்டன் வகுப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வளாகத்துக்கு வெளியே பல்கலைக்கழகங்கள் நடத்திய முதியோர் கல்வி பற்றிய கட்டுரையில், இங்கிலாந்தின் லாங்டன் ஊர்ப் பீங்கான் தொழிலாளர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் வகுப்பு எடுத்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பெரிய இடத்துக்காரர்கள் செய்த தர்ம காரியம்தானே அது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

தர்மம் என்ற சொல்லை அங்கே யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். 1907இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. போர்ட்ஸ்மத் கப்பல் பட்டறைத் தொழிலாளி மாக்டாவிஷ் எழுந்து, நான் கையேந்த வரவில்லை, ஆக்ஸ்ஃபோர்டிடம் உள்ள சிறந்தது எல்லாமே என் வர்க்கத்துக்கும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதன்பின் அமைந்த குழுவில் பல்கலைக்கழகத்தார் 7 பேர், தொழிலாளர் தரப்பில் 7 பேர்.

முதியோர் கல்வி என்றாலே நமக்குச் சிலேட்டும் அ, ஆவும்தான் ஞாபகம் வரும். அறிவொளி இயக்கத்தைப் பார்த்தவர்கள் அல்லவா நாம். லாங்டன்காரர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் கேட்டது பொருளாதார வரலாறு. 1878 முதலே ஆக்ஸ்ஃபோர்ட் வெளியூர்களில் சொற்பொழிவு நடத்திவந்தது. கூட்டம் சேரும், ஒருவர் பேசுவார், கைதட்டுவார்கள், அவர் ரயிலேறிவிடுவார். மறுகேள்வி கேட்க ஆள் இருக்காது. அது போதாது என்றுதான் புது ஏற்பாடு வந்தது: வகுப்புக்கு 30 பேருக்கு மேல் கூடாது, மூன்று வருஷம் தொடர்ந்து வர வேண்டும், வருஷத்துக்கு 24 வாரம், வாரம் இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியருக்கு, அடுத்த மணி விவாதத்துக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரையும் எழுத வேண்டும், பகலெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு வந்து.

1908 ஜனவரியில் லாங்டனுக்கு அப்படிப் பாடம் எடுக்க வந்தவர் பொருளாதார வரலாற்றாசிரியர் டானி. அப்போது வயது 27. (பிறந்தது கல்கத்தாவில், சம்ஸ்கிருதக் கதைத் தொகுப்பான கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவர் அப்பா.) அவருக்கு வேலை கிளாஸ்கோவில். வெள்ளிக்கிழமை மாலை லாங்டன், மறுநாள் நெசவாலை ஊரான ராச்டேல். நான்கு வருஷம் கழித்து வந்த தன் முதல் பெரிய நூலின் முன்னுரையில், புத்தகத்தில் எளிதில் கிடைக்காத பலவற்றை நெசவாளர்களும் பீங்கான் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தன்னை நட்போடு மொத்திக் கற்பித்ததாக எழுதினார். அந்த இரண்டாவது மணி எப்படி நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகம் அன்றைக்கே பலருக்கு இருந்ததுதான். ஆக்ஸ்ஃபோர்ட் நம்மைத் தடவிக்கொடுத்து அடக்கப் பார்க்கிறது என்று அதே ஊரில் தொழிலாளர்களுக்கென்றே இருந்த ரஸ்கின் கல்லூரியின் மாணவர்கள் 1909இல் தங்கள் கல்லூரி வகுப்புகளைப் புறக்கணித்தார்கள்; தனியாக ஒரு கல்லூரியே கண்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் லாங்டனில் படித்தவர்கள் படித்ததோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த சுரங்கக் கிராமங்களுக்குப் போய் அவர்களே வகுப்பெடுத்தார்கள். அப்புறம் அந்த வட்டாரமே, எங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டது. 1949இல் அதே வட்டாரத்துக் கீல் ஊரில் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த லிண்ட்சே அங்கே முதல் முதல்வர். 1950இல் முதல் மாணவர்கள் உள்ளே நுழைந்தபோது, லாங்டனில் முதல் வகுப்பு நடந்து 42 வருஷம் ஆகியிருந்தது.