‘பச்சைப் பிள்ளையை அறுக்க விடலாமா?’

கேள்வி: சிஸ்டர், போன ஐப்பசியில் எட்டாம் மாதம் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. காரணம் தெரிய போஸ்ட்மார்ட்டம் செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். “இதென்ன போலீஸ் கேஸா? பச்சைப் பிள்ளையை அறுக்க விடமாட்டேன்” என்று மாமியார் மறுத்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. இப்போது அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறோம். தப்புப் பண்ணிவிட்டேனா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தப்பே இல்லை, கண்ணு. என் மகள் வயதுதான் உனக்கு இருக்கும், ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன் மாமியாரும் பேரப்பிள்ளை மேல் இருந்த பாசத்தில்தான் பேசியிருக்கிறார்.

ஆனால் இது போலீஸ் கேட்கிற போஸ்ட்மார்ட்டம் இல்லை. பெற்றவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும். முழுவதும் வேண்டாம் என்றால் வெளிப்பார்வை, எக்ஸ்ரே, பிரசவத்தோடு வெளியே வரும் நஞ்சுக்கொடியின் பரிசோதனை, ஜீன் பரிசோதனைக்குச் சின்னத் துணுக்குத் தோல் என்று அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி மட்டுமே கூட நிறைய சொல்லும். இதையெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னிடமே நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். வராந்தாவில் நின்று கேட்டால் எந்தப் பாட்டி சரி என்பார்?

குன்னூரில் நான் பிரசவ வார்டில் இருந்தபோது ஒரு எஸ்டேட் பெண் சம்மதித்தாள். பரிசோதனை முடிந்து, தையல் போட்டு, துடைத்துக் கொண்டுவந்தார்கள். தலையில் தையல் பின்பக்கமாகத்தான் இருக்கும். பாட்டி பின்னிய மஞ்சள் கம்பளிக் குல்லாவை நான்தான் காது வரை இழுத்துவிட்டேன். அவள் வாங்கி மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். தையல் ஒன்றும் கண்ணில் படவில்லை.

எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிடாது. அப்போதும் ‘இதனால் இல்லை, அதனால் இல்லை’ என்று சிலவற்றைத் தள்ளிவிடலாமே! எனக்கும் 1989-இல் ஒரு பெண் குழந்தை இப்படித்தான் போனாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நர்ஸாக இருந்த நானும் கேட்கவில்லை. நைட் டூட்டி பார்த்ததால்தான் போய்விட்டாளோ என்று எத்தனையோ வருஷம் என்னையே குத்திக்கொண்டிருந்தேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் வழி இருக்கிறது. அன்று நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று ஆஸ்பத்திரியில் கேள். அனுப்பியிருந்தால் ரிப்போர்ட் வாங்கு. கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரைப் பார். சர்க்கரை, தைராய்டு, பிரஷர், ரத்த குரூப் பார்க்கச் சொல். ரத்தம் உறையும் கோளாறுக்கு ‘ஆன்டிபாஸ்போலிப்பிட்’ என்று ஒரு சோதனை உண்டு, அது தேவையா என்றும் கேள். அதில் கோளாறு என்று வந்தால் 12 வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். நீயாக எதுவும் வாங்கிப் போடாதே.

போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. அப்புறம், அந்தப் பழைய ஃபைல், ஸ்கேன் எல்லாம் பத்திரமாக இருக்கிறதுதானே?