மீன் மட்டும் சாப்பிடுற பொண்ணுக்கு, பால் இல்லாம என்ன சமைக்கறது?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 19 வயசு, காலேஜ் போறா. ரெண்டு வருஷமா கறி, கோழி எதையும் தொடமாட்டேங்கறா, மீனும் முட்டையும் மட்டும்தான். இப்ப மூணு மாசமா பால் குடிச்சா வயிறு உப்புசம், பேதி. டாக்டர் பால் சாமான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டார். காப்பி போச்சு, தயிர்சாதம் போச்சு, பன்னீர் போச்சு. பாதாம் பால், ஓட்ஸ் பால்னு வாங்கிப் பாத்தேன், கட்டுப்படியாகல, அவளுக்கும் பிடிக்கல. தினம் என்ன பண்றதுன்னே தெரியல, இந்த வயசுல எலும்பு பலமில்லாம போயிடுமோன்னு பயமாவும் இருக்கு. (ஒரு அம்மா, திருச்சி)

பதில்: தங்கச்சி, உங்க பயம் எனக்குப் புரியுது, ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இது கஷ்டம் இல்லம்மா. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, உங்க வீட்ல மீன் குழம்பு வெக்கிற அன்னைக்கு அதுல ஒரு சொட்டு பால் சேருதா? புளி, மல்லி, மிளகாத்தூள், சின்ன வெங்காயம், தக்காளி, தேங்கா, நல்லெண்ணெய், கறிவேப்பிலை, அவ்வளவுதானே. அன்னைக்கு தயிர் சட்டியைக் கூட வெளிய எடுக்க விடமாட்டாங்க, மீனும் பாலும் சேந்தா உடம்புல வெண்புள்ளி விழும்னு உங்க மாமியாரும் சொல்லியிருப்பாங்க, எங்க ஆச்சியும் சொன்னாங்க. வெண்புள்ளி அதனால வர்றது இல்ல, வங்காளத்துல கெண்டை மீனைத் தயிர்லயே போட்டு குழம்பு வெக்கறாங்க, அவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அந்த பயத்தாலயோ என்னவோ, நம்ம ஊரு மீன் சமையல் முழுக்க பாலே இல்லாம வளந்திருக்கு, அது இப்ப உங்க பொண்ணுக்கு உதவுது. அதனால மதியச் சாப்பாட்டை நினைச்சு கவலையே வேண்டாம். மிச்சம் இருக்கறது காலைல குடிக்கிற காப்பி, ராத்திரி டிபன், கடைசியா ஊத்திக்கிற மோர், இந்த மூணு இடம்தான். பாலுக்கு மாத்தா இன்னொரு பாலைத் தேடிக் கடை கடையா அலையாதீங்க.

சமையலுக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. இது லாக்டோஸ் ஒத்துக்காததா, இல்ல பால் புரதத்துக்கு அலர்ஜியா? ரெண்டும் வேற வேற. லாக்டோஸ்ங்கறது பால்ல இருக்கற சர்க்கரை, அதை செரிக்கிற என்சைம் குறைஞ்சா உப்புசம், பேதி வரும், நீங்க எழுதியிருக்கறதைப் பாத்தா இதுவாத்தான் இருக்கும்னு தோணுது, ஆனா அதை டாக்டர்தான் சொல்லணும். இதுன்னா நல்லா புளிச்ச தயிர் கொஞ்சம், நெய் ஒரு ஸ்பூன் பலபேருக்கு ஒத்துக்கும், ஏன்னா தயிர்ல லாக்டோஸ் குறையும், நெய்ல கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, கொஞ்ச நாள் கழிச்சு டாக்டர் சொன்னா மெதுவா பாக்கலாம். அலர்ஜின்னா கதையே வேற, அப்ப ஒரு துளி நெய் கூட கூடாது, பால் காய்ச்சுன கரண்டியைக் கூட அவ குழம்புல போடக்கூடாது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இளைப்பு எப்பவாவது வந்திருந்தா மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப எலும்பு விஷயம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லுது. ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லில சுமார் 240 வரும். அவ ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு இருந்தான்னா 480 போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க, அதை வேற எங்கயாவதுதான் எடுக்கணும். இங்கதான் சின்ன மீன் வருது. வஞ்சிரம் துண்டு எவ்வளவு சாப்பிட்டாலும் கால்சியம் அதிகம் கிடைக்காது, ஏன்னா சத்து முள்ளுல இருக்கு, முள்ளை நாம தட்டு ஓரத்துல ஒதுக்கிடறோம். முள்ளோட சாப்பிடுற மீன்தான் உங்களுக்கு வேணும், நெத்தலி, சாளை. டின்ல அடைச்ச சாளையை முள்ளோட சாப்பிட்டா 100 கிராம்ல கிட்டத்தட்ட 380 மில்லிகிராம் கால்சியம். டின் வாங்க வேண்டாம், வீட்லயே அதே பக்குவத்துக்குக் கொண்டுவரலாம்.

எங்க வீட்ல இப்படித்தான் பண்ணுவோம். அரைக் கிலோ சாளை (உங்க ஊர்ல மத்தின்னு கேளுங்க), ரொம்ப பெருசு வேண்டாம், விரல் நீளத்துக்கு கொஞ்சம் மேல போதும். செதில் சுரண்டி, தலையை எடுத்து, குடலை எடுத்து, கல்லுப்பு போட்டு ரெண்டு மூணு தடவை அலசணும். சின்ன குக்கர்ல அடியில கறிவேப்பிலையைப் பரப்பி, தட்டுன பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, மிளகாத்தூள், மஞ்சத்தூள், உப்பு, நாலு ஸ்பூன் நல்லெண்ணெய், அது மேல மீனை வரிசையா அடுக்கி, எலுமிச்சங்கா அளவு புளியைக் கெட்டியா கரைச்சு தண்ணியோட ஒரு டம்ளர் வர்ற மாதிரி ஊத்துங்க. முதல் விசில் வந்ததும் அடுப்பை நல்லா சிம்ல வெச்சு 40 நிமிஷம் விடுங்க, பிரஷர் தானா அடங்கணும், விசிலைத் தூக்காதீங்க. திறந்து ஒரு மீனோட நடு முள்ளை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கிப் பாருங்க, அவிச்ச வேர்க்கடலை மாதிரி மாவா நசுங்கணும், நறுக்குன்னு இருந்தா இன்னும் பத்து நிமிஷம். முள்ளு அந்த அளவுக்கு வேகறதுக்கு நேரம் மட்டும் இல்ல, புளியும் கைகொடுக்கும். மறுநாள் இன்னும் ருசியா இருக்கும், தோசைக்குத் தொட்டுக்கலாம், பழைய சோத்துக்கு இதைவிட ஒண்ணும் வேண்டாம்.

நெத்தலி இன்னும் சுலபம். தலையைக் கிள்ளி இழுத்தா குடலும் கூடவே வந்துடும், கத்தி எதுவும் வேண்டாம், அரைக் கிலோ ஆய கால் மணி நேரம். நாகர்கோவில் பக்கம் இதை அவியலா வெப்பாங்க, தேங்கா, சீரகம், பச்சமிளகா, மஞ்சள் கரகரப்பா அரைச்சு, மாங்கா துண்டும் முருங்கக்காயும் போட்டு, நெத்தலியைக் கடைசியா சேத்து கிளறாம சட்டியைச் சுத்தி ஆட்டி விடணும், கரண்டி விட்டா மீன் கரைஞ்சிடும். காய்கறி அவியல்னா தயிர் ஊத்துவோம், இதுல அந்தப் புளிப்பு மாங்கால இருந்து வந்துடுது.

மீன் தவிர கேப்பையும் எள்ளும் முருங்கக்கீரையும் வீட்ல எப்பவும் இருக்கணும். 100 கிராம் கேப்பை மாவுல 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம், ரெண்டு அடை தட்டினாலே ஒரு டம்ளர் பால் குடிச்ச கணக்கு, அதுல முருங்கக்கீரையும் உருவிப் போட்டுடுங்க. கருப்பு எள்ளை வறுத்து இட்லிப் பொடியோட அரைச்சு வெச்சா அவளே தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுடுவா, நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய்தான், நம்ம ஊருக்கு அதானே வழக்கம். சென்னாக்குன்னி கிடைச்சா விடாதீங்க, அந்தப் பொடி இறாலை நல்லா அரிச்சுக் கழுவி, மணல் போக ரெண்டு தடவை பாத்து, வெறும் வாணலில வறுத்து முருங்கக்கீரை பொரியல்ல தூவுங்க. பி12 பத்தி கவலை வேண்டாம், மீனும் முட்டையும் இருக்கு. வைட்டமின் டி மட்டும் டாக்டர்கிட்ட ஒரு தடவை ரத்தத்துல பாக்கச் சொல்லுங்க, அது குறைஞ்சிருந்தா என்ன சாப்பிட்டாலும் கால்சியம் சரியா ஒட்டாது.

காப்பிக்கு நான் சொல்றது கருப்பட்டி காப்பி. சுக்கு, மல்லி தட்டிப் போட்டாலும் சரி, டிகாக்‌ஷன் கொஞ்சம் விட்டாலும் சரி, அது பால் இல்லாத காப்பின்னே மனசுல படாது, ஏன்னா கருப்பட்டியோட மணமே தனி. ராத்திரிக்கு ஆப்பம், இடியாப்பம், அதுக்குத் தேங்காப்பால். இதுல ஒண்ணு தெளிவா இருங்க, தேங்காப்பால் ருசிக்குத்தான், அதுல கால்சியம் சொல்ற மாதிரி கிடையாது, கொழுப்பும் அதிகம், அதனால டம்ளர் டம்ளரா குடிக்கக் குடுக்காதீங்க. ஆனா வாரம் ஒரு நாள் இறாலைப் போட்டு யாழ்ப்பாணத்துக்காரங்க வெக்கிற மாதிரி ஒரு சொதி வெச்சுப் பாருங்க, பச்சமிளகா, வெங்காயம், வெந்தயம், ரெண்டாம் பால்ல எல்லாம் வெந்ததும் முதல் பால் ஊத்தி கொதி வர்றதுக்கு முன்னாடி இறக்கி எலுமிச்சை பிழியணும். இடியாப்பத்துக்கு அது போதும், வேற எதுவும் கேக்கமாட்டா. இறால் பிரியாணி ஆசைப்பட்டாலும் தயிருக்குப் பதிலா தக்காளி கூட ஒண்ணு, தேங்காப்பால் ஒரு கப், எலுமிச்சை அரை மூடி, நெய்க்கு எண்ணெய், நல்லாவே வரும்.

மோர் விஷயம்தான் பாவம், அதை நான் லேசா சொல்லிட்டுப் போகமாட்டேன், பொறந்ததுலேருந்து மோர் ஊத்தி சாப்பாட்டை முடிச்ச பிள்ளைக்கு அது இல்லாம எழுந்திரிக்கவே மனசு வராது. நீராகாரம் குடுங்க, ராத்திரி சோத்துல ஊத்துன தண்ணி காலைல லேசா புளிச்சிருக்கும், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு, கூட ஒரு துண்டு நார்த்தங்கா. தயிர்சாதமே வேணும்னு ஏங்கினா வேர்க்கடலைத் தயிர் இருக்கு. ஒரு கப் கடலையை ராத்திரி முழுக்க ஊறவெச்சு, தோல் போக்கி, மூணு கப் தண்ணி விட்டு நைஸா அரைச்சு வடிகட்டி, அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் கழுவின பச்சமிளகாக் காம்பு நாலஞ்சு போட்டு மூடி வெச்சா பத்து பன்னண்டு மணி நேரத்துல உறைஞ்சிடும். முதல் தடவை சரியா வரலன்னா விட்டுடாதீங்க, ரெண்டாவது தடவை இந்தத் தயிரையே உறை ஊத்தினா நல்லா கட்டும். கடலை வாசம் கொஞ்சம் இருக்கும், கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளிச்சுட்டா அவ்வளவா தெரியாது.

திருச்சியில இருக்கறதால மீன் வாங்கறதுல கவனமா இருங்க. சாளை, அயிலை, சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்தா ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், அது எவ்வளவு கொதிக்க வெச்சாலும் போகாது, சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கும், இதையும் பால் கோளாறுன்னு நினைச்சுக் குழம்பிடுவீங்க. நாக்குல சுருக்குன்னு காரமா குத்துனா அந்த மீனை அப்பவே கொட்டிடுங்க. நல்ல கடல் மீன் வராத நாள்ல கெண்டை, விரால், ஜிலேபின்னு ஆத்து மீன், ஏரி மீன் வாங்குங்க, எல்லாமே நல்ல புரதம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்குக் கரையில விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிடும், அந்த 61 நாளைக்கு ஏரி மீன், முட்டை, கருவாடு. கருவாட்டை வெந்நீர்ல கால் மணி ஊறவெச்சு உப்பை இறக்கிட்டுப் பண்ணுங்க. வஞ்சிரம், சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் கூடுதலா சேந்திருக்கும், அதை எப்பவாவது வெச்சுக்கிட்டு சின்ன மீனையே வழக்கமாக்குங்க.

கடைசியா வெளிச்சாப்பாடு, இதுலதான் பிள்ளைங்க மாட்டிக்கும். பாக்கெட்டுல பச்சை வட்டம் இருந்தா சைவம்னுதான் அர்த்தம், பால் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பின்னாடி சின்ன எழுத்துல மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, இது எல்லாமே பால்லேருந்து வர்றதுதான், பிரெட், பிஸ்கெட், சூப் பாக்கெட், சிப்ஸ் மசாலால கூட இருக்கும், சத்து மாவு டப்பா பலதுலயும் பால் பவுடர் கலந்திருக்கும். ஹோட்டல்ல மீன் டிக்கா, தந்தூரின்னா தயிர்லதான் ஊறும், பட்டர் கார்லிக் இறால் பேர்லயே இருக்கு, மீன் வறுவல் பெரும்பாலும் பிரச்சனை இல்ல, இருந்தாலும் மசாலால தயிர் இருக்கா, கல்லுல நெய்யா எண்ணெயான்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். எங்க அக்கா பொண்ணு ஒரு கல்யாண வீட்ல எலுமிச்ச சாதம்தானேன்னு ரெண்டு கரண்டி சாப்பிட்டுட்டு ராத்திரி முழுக்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கிடந்தா, அப்புறம் விசாரிச்சா கூட ஊத்துன குருமாவுல க்ரீம் சேத்திருக்காங்க. வெள்ளையா, கெட்டியா இருக்கற எந்த கிரேவியையும் கேட்டுட்டுத்தான் தொடணும்னு அவகிட்ட சொல்லி வைங்க.

இந்த ஞாயித்துக்கிழமை அந்த குக்கர் சாளையைப் பண்ணிப் பாருங்க தங்கச்சி. முள்ளு நசுங்குச்சா இல்லையான்னும், டாக்டர் லாக்டோஸ்னு சொன்னாரா அலர்ஜின்னு சொன்னாரான்னும் எனக்கு எழுதுங்க, அலர்ஜின்னு வந்தா சமையலறையில பாத்திரம் பண்டம் எப்படித் தனியா வெச்சுக்கணும்னு தனியா விவரமா எழுதறேன்.