ஃபாரின் கீக்கு இன்டெக்ஸ்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஃபாரின் கீன்னா, ஒரு டேபிள் ரோ (சைல்டு) இன்னொரு டேபிள் ரோவை (பேரன்ட்) காட்டுற ஐடி, அது அங்க இருக்கான்னு டேட்டாபேஸே பாத்துக்கும். இன்டெக்ஸ்னா முழு டேபிளையும் படிக்காம தேட உதவுற அட்டவணை. முதல்லயே சொல்லிடறேன், எனக்கு கை பழகினது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான். மத்த டேட்டாபேஸ் கேட்டா தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், சர்வர் செட்டிங்ஸ் எல்லாம் இன்னிக்கு வேணாம்.

கே: அண்ணா, ஃபாரின் கீ போட்டாலே இன்டெக்ஸ் தானா வந்துடும்னு டீம்ல அடிச்சு சொல்றாங்க. நிஜமா?

ப: மைஎஸ்க்யூஎல் இன்னோடிபில (அதோட ஸ்டோரேஜ் இன்ஜின்) வரும், சைல்டு டேபிள்ல தோதான இன்டெக்ஸ் இல்லேன்னா அதுவே போட்டுக்கும். அங்க இருந்து வர்றவங்கதான் இந்த நம்பிக்கையையும் கூடவே கொண்டு வர்றாங்க. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் எதுலயும் வராது. பேரன்ட் பக்கம் பிரைமரி கீயோ யூனிக்கோ இருந்தே ஆகணும், அதனால அங்க இன்டெக்ஸ் இருக்கும். சைல்டு பக்கம் உங்க பொறுப்பு. கோட் பக்கம் எந்த லைப்ரரி யூஸ் பண்றீங்கன்னும் பாருங்க: ஜாங்கோ யூஸ் பண்ணா அது போட்டுடும், ரெயில்ஸ் 5-லேர்ந்து ரெஃபரென்சஸ்னு எழுதினா வரும், எஸ்க்யூஎல்ஆல்கெமில நீங்க சொன்னாத்தான் வரும்.

கே: கஸ்டமர் டேபிள்ல ஒரே ஒரு ரோவை டெலீட் பண்ண 40 செகண்ட் ஆகுது சார். ஐடி பிரைமரி கீதான், எக்ஸ்ப்ளைன் (க்வெரி எப்படி ஓடும்னு காட்டுற கமாண்ட்) போட்டா இன்டெக்ஸ் ஸ்கேன்னுதான் காட்டுது. எங்க தப்பு?

ப: எக்ஸ்ப்ளைன் பொய் சொல்லல, பாதிதான் சொல்லுது. அது காட்டுறது கஸ்டமர் ரோவை கண்டுபிடிக்கிற செலவு மட்டும். அந்த ரோவை தூக்கினதுக்கு அப்புறம், இந்த ஐடியை யாராவது பிடிச்சிட்டு இருக்காங்களான்னு ஃபாரின் கீ உள்ள ஒவ்வொரு சைல்டு டேபிள்லயும் போஸ்ட்கிரெஸ் ஒரு ட்ரிகர் (தானா ஓடுற செக்) வழியா தேடும், அங்க இன்டெக்ஸ் இல்லேன்னா முழு டேபிளையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கணும், இது ஒவ்வொரு ரோவுக்கும் தனித்தனியா நடக்கும், அதாவது 10,000 கஸ்டமரை டெலீட் பண்ணா ஆர்டர் டேபிளை 10,000 தடவை படிக்கும். நைட் ஓட்டின க்ளீனப் ஜாப் காலையிலயும் ஓடிட்டே இருக்குன்னு வர்ற கேஸ்ல நான் முதல்ல பாக்குற இடம் இதுதான்.

எந்த டேபிள்னு தெரியணும்னா எக்ஸ்ப்ளைன் அனலைஸ் போடுங்க, அடியில ஒவ்வொரு கான்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகருக்கும் எவ்வளவு நேரம், எத்தனை கால்னு வரும். ஆனா அனலைஸ் போட்டா நிஜமாவே டெலீட் ஆயிடும்! பிகின் போட்டு ஓட்டிட்டு ரோல்பேக் (மாத்தினதை ரத்து) பண்ணுங்க. இன்டெக்ஸ் போடும்போது கான்கரன்ட்லி சேர்த்துக்கோங்க, இல்லேன்னா அது முடியுற வரைக்கும் அந்த டேபிள்ல யாராலயும் எழுத முடியாது.

கே: ஆர்டர் ஐட்டம்ஸ்ல பிரைமரி கீயே ஆர்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி ரெண்டும் சேர்ந்துதான். தனித்தனியா வேற போடணுமா?

ப: ஆர்டர் ஐடிக்கு வேணாம், அது முதல்ல இருக்கு, சேர்ந்த இன்டெக்ஸ் முதல் ஃபீல்டு வரிசைப்படிதான் அடுக்கியிருக்கும். ப்ராடக்ட் ஐடி ரெண்டாவதா இருக்கு, அதுக்கு தனியா போடுங்க. போஸ்ட்கிரெஸ் 18-ல ஸ்கிப் ஸ்கேன் (முதல் ஃபீல்டைத் தாண்டி ரெண்டாவதைத் தேடுறது) வந்திருக்குன்னு யாராவது சொல்வாங்க, முதல் ஃபீல்டுல வேற வேற மதிப்பு கொஞ்சமா இருந்தாத்தான் அது உதவும். ஆர்டர் ஐடில லட்சக்கணக்கா இருக்கும், அதை நம்பாதீங்க.

கே: எனக்கும் டெலீட் ரொம்ப ஸ்லோ ப்ரோ, பேரன்ட் டேபிள்தான்.

ப: ரெண்டு கேள்வி மேல படிங்க.

கே: அப்போ எல்லா ஃபாரின் கீக்கும் கண்ணை மூடிட்டு போட்டுடலாமா?

ப: கண்ணை திறந்துட்டு போடுங்க. இன்சர்ட் பண்ணும்போது ஒவ்வொரு இன்டெக்ஸுக்கும் எழுதணும், அடிக்கடி மாறுற ஃபீல்டுன்னா ஹாட் அப்டேட்டும் (HOT, இன்டெக்ஸைத் தொடாம ரோவை மாத்துற போஸ்ட்கிரெஸ் வழி) போயிடும். ஸ்டேட்டஸ் ஐடின்னு அஞ்சு மதிப்பு இருக்கிற ஃபீல்டு, ஸ்டேட்டஸ் டேபிள்ல யாரும் எதையும் டெலீட் பண்றதில்லன்னா அதுக்கு எதுக்கு? பேரன்ட்ல டெலீட் நடக்குமா, கீ மாறுமா, இந்த ஃபீல்டு வழியா ஜாயின் பண்றோமா, மூணுக்கும் இல்லேன்னா விட்டுடுங்க. பெரும்பாலும் NULL-ஆ (காலி மதிப்பா) இருக்கிற ஃபீல்டுன்னா, NULL இல்லாத ரோவுக்கு மட்டும் பார்ஷியல் இன்டெக்ஸ் போட்டாலே போதும், ஃபாரின் கீ செக் அதை எடுத்துக்கும்.



கே: இவ்வளவு தலைவலி எதுக்கு? நாங்க ஃபாரின் கீயே வைக்கிறதில்ல, கோட்லயே செக் பண்ணிடுவோம். பெரிய கம்பெனி எல்லாம் அப்படித்தான்.

ப: வாங்க, உங்களைத்தான் எதிர்பாத்தேன். கோட்ல செக் பண்றீங்கன்னா என்ன பண்றீங்க, டெலீட்டுக்கு முன்னாடி சைல்டுல இருக்கான்னு ஒரு செலக்ட். அதுக்கும் அதே இன்டெக்ஸ்தான் வேணும்.

கே (அதே ஆள்): இன்டெக்ஸ் இருக்கு. ஃபாரின் கீதான் வேணாம்னு சொல்றேன்.

ப: சரி, நீங்க சைல்டு இல்லன்னு பாத்துட்டு பேரன்ட்டை டெலீட் பண்றீங்க, அதே நொடில இன்னொரு செஷன் பேரன்ட் இருக்குன்னு பாத்துட்டு சைல்டை இன்சர்ட் பண்ணுது, ரெண்டும் கமிட் ஆகும், அநாதை ரோ ஒண்ணு மிஞ்சும். ஃபாரின் கீ இருந்தா இன்சர்ட் அந்த பேரன்ட் ரோ மேல ஒரு லாக் எடுத்துக்கும், டெலீட் காத்துட்டு நிக்கும்.

கே (அதே ஆள்): அந்த லாக்தானே பிரச்சினையே! எல்லாரும் ஒரே நேரத்துல தொடுற ஹாட் ரோன்னா எல்லாம் நின்னுடும்.

ப: 2013-ல வந்த போஸ்ட்கிரெஸ் 9.3-க்கு முன்னாடி இது நியாயமான புகார். அதுக்கப்புறம் ஃபார் கீ ஷேர்னு லேசான லாக்தான், கீயைத் தொடாத அப்டேட்டோட மோதாது. ஷார்டு பண்ணி (டேட்டாவை பல சர்வருக்கு பிரிச்சு) ரெண்டு டேபிளும் வேற வேற சர்வர்ல இருக்கா, ஒத்துக்கறேன், அங்க போடவே முடியாது. கிட்ஹப்போட ஜிஎச்-ஆஸ்ட் (ஓடிட்டிருக்கிற மைஎஸ்க்யூஎல் டேபிளை மாத்துற டூல்) கூட ஃபாரின் கீ இருக்கிற டேபிளை எடுத்துக்காது. உங்களுக்கு அந்த அளவு இருக்கா?

கே (அதே ஆள்): ஒரே சர்வர்தான். ஆனா வளரும்ல.

ப: வளரட்டும், அன்னிக்கு எடுத்துடுங்க, ட்ராப் கான்ஸ்ட்ரெயின்ட் ஒரு லைன். அநாதை ரோ சேர்ந்த டேபிள்ல திரும்ப ஃபாரின் கீ போடறதுதான் கஷ்டம்.

கே: ஆரக்கிள்ல ஓஆர்ஏ-00060 டெட்லாக் (ரெண்டு செஷன் ஒண்ணுக்கொண்ணு காத்துட்டு நிக்கிறது) வருது, இதுக்கும் இன்டெக்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. இன்டெக்ஸ் இல்லாத ஃபாரின் கீன்னா பேரன்ட் டெலீட் பண்ணும்போது சைல்டு டேபிள் முழுசுக்கும் லாக் கேக்கும், அங்க கமிட் ஆகாத வேலை இருந்தா காத்துட்டு நிக்கும். முதல்ல அதை பாருங்க. டெட்லாக் விவரம் இருக்கிற ட்ரேஸ் ஃபைலை உங்க டிபிஏகிட்ட (டேட்டாபேஸ் பாத்துக்கிறவர்) கேளுங்க.

கே: டெலீட் ஸ்லோவா இருக்கு, ரேம் ஏத்தினா சரியாகுமா?

ப: ஆகாது. மேல 40 செகண்ட் கேள்வியைப் படிங்க.

கே: கான்கரன்ட்லி போட்டேன், நடுவுல எரர் அடிச்சிடுச்சு. ஆனா இன்டெக்ஸ் லிஸ்ட்ல பேர் இருக்கே?

ப: இன்வேலிட்னு போட்டிருக்கும் பாருங்க. க்வெரிக்கு உதவாது, ஆனா எழுதுற செலவு மட்டும் ஏறிட்டே இருக்கும். ட்ராப் பண்ணிட்டு மறுபடி போடுங்க. மைக்ரேஷன் ஃபைல்ல (டேபிள் மாற்றங்களை எழுதி வைக்கிற ஃபைல்) போடறீங்கன்னா ட்ரான்சாக்‌ஷனுக்கு வெளியில வைங்க, உள்ள இருந்தா ஓடாது.