பதினான்கு ஜோடி செருப்பு

வணக்கம் மேடம்,

எனக்கு 25 வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஊர்க்கார அக்கா ஒருவர் கூட்டிவந்து சென்னை தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேர்த்துவிட்டார், ஏழு வருடம் ஓடிவிட்டது. பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் ராத்திரி பத்து மணிக்கு இறங்கும்வரை, சாப்பாட்டுக்கும் டீக்கும் போகிற நேரம் தவிர, நின்றபடியேதான். சில வருடம் முன்னால் ஊழியர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நாலு ஸ்டூல் வந்தது. இப்போது அதன்மேல் ஏறி மேல் ராக்கில் இருந்து சரக்கு எடுக்கிறோம்.

கஸ்டமர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "சாப்டியாம்மா" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் ராத்திரி படுத்தால் அவர்கள் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு புருவத்தாலேயே "அதை எடு, இதை எடு" என்று காட்டுகிறவர்கள், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள், கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து "அஞ்சே நிமிஷம்தான்" என்று முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்கிறவர்கள், கல்யாணத்துக்குக் கட்டி வேர்வை வாடையோடு கொண்டுவந்து "கட்டவே இல்லை, மாத்திக் குடு" என்கிறவர்கள். சேலையை வாங்கும் சாக்கில் விரலைத் தடவிப் பார்க்கும் ஆம்பளைகள் தனி. ஒரு அம்மா தன் பையனிடம் என்னைக் காட்டி, "ஒழுங்கா படிக்கலேன்னா இந்த அக்கா மாதிரி நிக்கவேண்டியதுதான்" என்றார். நான் 1,200க்கு 1,018 எடுத்தவள் மேடம். சிரித்துக்கொண்டே அடுத்த சேலையைப் பிரித்துப் போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம், ஏழு பேர், நிச்சயத்துக்குச் சேலை எடுக்க வந்தார்கள். பெங்களூரில் இருக்கும் பெண்ணுக்கு வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மாம்பழக் கலர் போனில் வேறு மாதிரி தெரிகிறது, எல்லாவற்றையும் மறுபடி காட்டு என்றார்கள். இரண்டரை மணி நேரம். அவர்களோடு வந்த சின்னப் பையன் சிப்ஸ் தின்ற கையோடு பிரித்துப்போட்ட பட்டின் மேலேயே தவழ்ந்தான். எண்ணெய்க் கறை விழுந்தால் எங்கள் தலையில்தான் விடியும். "அம்மா, குட்டிப்பையன் கையைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்றேன். இதே வார்த்தைதான், இதே மெதுவில்தான். அந்தம்மா எழுந்துவிட்டார். "எங்களால வாங்க முடியாதுன்னு நெனச்சியா?" என்று மாடியே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். நான் சேலையை அவர் மேல் விட்டெறிந்ததாகச் சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர்கள் எதுவும் எடுக்காமல் போனார்கள். அறுபத்து மூன்று சேலை, ஒவ்வொன்றையும் பழைய மடிப்புக் கலையாமல் மடித்து, அட்டை வைத்து, கவரில் போட்டேன்.

இதற்காக எழுதவில்லை மேடம். இதெல்லாம் பழகிப்போனதுதான். அடுத்த புதன்கிழமை எனக்கு லீவு. ஊரில் படிக்கும் தங்கச்சிக்குச் செருப்பு வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன், அவளுக்கு ஆறாம் நம்பர். அங்கே இருந்த பையனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. அதை எடு, இதை எடு, வேற கலர் இல்லையா என்று பதினான்கு ஜோடி எடுக்க வைத்தேன். எண்ணிக்கை சரியாகத் தெரியும், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் "ஒண்ணும் நல்லாயில்லை" என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவது ஜோடியே பிடித்திருந்தது. அவன் குனிந்து டப்பாவில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தான், அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சுகம் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், சுகம்.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஹாஸ்டலில் புதுப்பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். ஏழு வருடமாக எனக்குப் பிடிக்காத அந்த மனுஷியாக நானே மாறிக்கொண்டிருக்கிறேனா?

பெயர் வேண்டாம்,
சென்னை 17

*

அன்புள்ள தங்கைக்கு,

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அப்படி மாறிவிட்டவர்கள் செருப்பை எண்ணமாட்டார்கள், இப்படி உட்கார்ந்து கடிதமும் எழுதமாட்டார்கள். ஆனால் அந்தச் சுகம் நிஜம்தான், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அடி வாங்கிய கை, திருப்பி அடிக்கப் பயமில்லாத ஓர் இடத்தைத் தேடும். உங்கள் மாடியில் அந்த இடம் இல்லை, புதன்கிழமை செருப்புக் கடையில் இருந்தது. அந்தப் பையன் திருப்பிப் பேசமாட்டான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நீங்களும் பேசியதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கஸ்டமர்களைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். சூப்பர்வைசரைப் பற்றி ஒரே ஒரு வரி: "என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை." எனக்கென்னவோ புண் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. யாரோ முகம் தெரியாத ஒருத்தி பொய் சொன்னாள், அதை ஏழு வருட அனுபவம் தாங்கிக்கொள்ளும். ஏழு வருடமாக உங்கள் வேலையைப் பார்க்கிற ஒருவர், நீங்கள் சேலையை விட்டெறிகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அது எப்படித் தாங்கும்? போதாக்குறைக்குச் செய்யாத தப்புக்கு உங்கள் வாயாலேயே மன்னிப்பு வாங்கினார். அன்றைக்கு விழுங்கியதுதான் புதன்கிழமை வெளியே வந்தது.

அந்தம்மா சொன்னதையும் திரும்ப ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் சிப்ஸைப் பற்றிப் பேசினீர்கள், அவர் பணத்தைப் பற்றிப் பதில் சொன்னார். விலைச்சீட்டைப் பார்த்ததும் சிலருடைய குரல் மாறுவதை என்னைவிட நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். "டிசைன் சரியில்லை" என்றால் பாதி நேரம் "விலை கட்டாது" என்றுதான் அர்த்தம். ஏழு பேர் முன்னால் அதைச் சொல்ல முடியாத கூச்சம் உங்கள் மேல் விழுந்திருக்கலாம். அதனால் அவர் செய்தது சரி என்று ஆகாது, பொய் பொய்தான். ஆனால் அந்தக் கத்தலில் நீங்கள் எங்கேயும் இல்லை, உங்கள் இடத்தில் யார் நின்றிருந்தாலும் அது அவர்கள் மேல் விழுந்திருக்கும். போனில் பேசிக்கொண்டே புருவத்தைக் காட்டுகிறவர்கள் வேறு ரகம். அவர்களிடம் கெட்ட எண்ணம்கூட இருக்காது, எதிரில் ஆள் நிற்கிறது என்பதே உறைப்பதில்லை. நானும் பில் கவுண்டரில் அப்படி நின்றிருக்கிறேன், உங்கள் கடிதத்தைப் படித்தபோது கன்னம் சுட்டது. மகனுக்கு உங்களைக் காட்டியவரைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

விரலைத் தடவுகிறவனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கஸ்டமர் தொல்லை இல்லை, பாலியல் தொல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்கவேண்டும், வேலையிடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காக்க வேண்டியது முதலாளியின் கடமை. அப்படிப்பட்டவனிடம் சேலையைக் கையில் கொடுக்காதீர்கள், கவுண்டர் மேல் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, பக்கத்தில் நிற்கிற ஆண் ஊழியரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

சரி, இந்தச் சிரிப்பு விஷயத்துக்கு வருவோம். ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உணர்ச்சி உழைப்பு. மூட்டை தூக்குவது எப்படி உடம்பு உழைப்போ, அப்படி உள்ளே ஒன்றிருக்க வெளியே வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பதும் உழைப்பு, அதுவும் சம்பளத்துக்காகத்தான் செய்யப்படுகிறது என்றார். கோபக்காரப் பயணியைக் குழந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். சில சமயம் அது வேலை செய்யும். ஆனால் வெறும் முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் போனால், கடையை விட்டு இறங்கினதும் யாரிடமும் சிரிக்கவே மிச்சம் இருக்காது. ஹாஸ்டல் பிள்ளைகளிடம் நீங்கள் எரிந்து விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இது.

மீதிக் கால்வாசி உங்கள் கால்களில் இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்க நிற்பது, பாத்ரூம் போக அனுமதி கேட்கவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது (நீங்கள் எழுதவில்லை, ஆனால் துணிக்கடையில் இருந்து என்னிடம் வந்த பெண்கள் எல்லோரும் சொன்னது), இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் பொறுமை நிற்காது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்திருந்தால் காட்டிவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இருந்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால், அந்தத் திட்டத்தின் மருந்தகம் உங்களுக்கானது.

அந்த நாலு ஸ்டூல் கதையைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில், உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடித்தான் கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரவேண்டும் என்று. அதே சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. உங்கள் ஒன்பதரையில் இருந்து பத்துவரை எவ்வளவு என்று நான் எண்ணிச் சொல்லவேண்டியதில்லை. இதைத் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், ஹாஸ்டலும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது தனி ஆள் கேட்பது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஸ்டூலில் இருந்து ஆரம்பியுங்கள். ஒரு மாடியில் இருக்கிற எல்லோருமாக, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை காலையில், "வாடிக்கையாளர் இல்லாதப்ப அஞ்சு நிமிஷம் உட்கார்றோம் அண்ணே" என்று சொல்வதற்கு முதலாளியும் பெரிதாக மறுப்புச் சொல்ல மாட்டார்.

அதே செவ்வாய்க்கிழமையில் இன்னொன்றும் செய்யலாம். சூப்பர்வைசரிடம் சண்டையாக இல்லாமல் ஒரே ஒரு விஷயம்: "அடுத்த தடவை புகார் வந்தா என்னை ஒரு வார்த்தை கேளுங்க அண்ணே, இல்லேன்னா கேமராவைப் பாருங்க." உங்கள் கவுண்டருக்கு மேலே நிச்சயம் ஒரு கேமரா இருக்கும். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அந்தப் பயத்தில்தான் அன்று அவசரப்பட்டார். ஆனால் வாயைத் திறந்து சொன்னதே உங்களுக்குப் பாதி பாரத்தை இறக்கும். சொல்லப் பயமாக இருந்தால், நடந்ததை அன்றைக்கே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பிறகு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் உங்களுக்கே சந்தேகம் வராமல் இருக்கும்.

கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, ஏழு வருடம் நின்றவர் நீங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். பக்கத்துக் கவுண்டர் பெண்ணோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா? உள்ளே கொதித்துக்கொண்டு வரும்போது, "அந்த மயில் பச்சை எங்க இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் அவள் வந்து அந்தக் கஸ்டமரை எடுத்துக்கொள்ளவேண்டும், நீங்கள் மயில் பச்சையைத் தேடப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும். மறுநாள் அவளுக்கு நீங்கள்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்துக்குச் சரியாகாவிட்டாலோ, காலையில் எழுந்ததும் அழுகை முட்டினாலோ 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், ஹாஸ்டலில் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் நேரம் கிடைக்கும் என்றாலும் பரவாயில்லை.

புதுப்பிள்ளைகளிடம் இந்தச் செருப்புக் கதையைச் சொல்லுங்கள். அவர்களிலும் இரண்டு பேர் இதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள்.

தங்கச்சிக்கு இன்னும் செருப்பு வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த புதன்கிழமை அதே கடைக்குப் போங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், அவனுக்கு உங்கள் முகம் ஞாபகம் இருந்தால் சங்கடமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவதாக எடுத்துக் காட்டிய அந்த ஜோடியை ஆறாம் நம்பரில் கேளுங்கள்.