படம் போட்டா மட்டும் போதாது, கெடுத்துப் பாருங்க (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், நான் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாவது வருஷம். மாலிக்யூலர் ஜெனட்டிக்ஸ் பேப்பர்ல பாக்டீரியா, வைரஸ் யூனிட் மட்டும் எவ்ளோ படிச்சாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. லாக்டோஸை உடைக்கற ஜீன் கூட்டமான லாக் ஒபெரான் படத்தை கண்ண மூடிக்கிட்டு கூட போடுவேன், ஆனா இந்த ஜீன்ல மியூட்டேஷன் வந்தா என்ன ஆகும்னு கேட்டா முழிக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மேஷன், டிரான்ஸ்டக்ஷன், கான்ஜுகேஷன்னு பாக்டீரியாவுக்குள்ள ஜீன் வர்ற மூணு வழியும் வேற ஒண்ணோட ஒண்ணு குழம்புது. எப்படிப் படிக்கிறது?

பதில்: படம் போட வருதுன்னா பாதி கிணறு தாண்டியாச்சும்மா. மிச்சம் என்னன்னா அந்தப் படத்துல இருக்கற ஒவ்வொண்ணையும் மனசுக்குள்ள கெடுத்து விட்டுப் பாக்கணும், ஏன்னா இதைக் கண்டுபிடிச்சவங்களே அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. பிரெஞ்சு விஞ்ஞானிங்க ஜேக்கப், மோனோ ரெண்டு பேரும் 1961ல ஒபெரான் பத்தி எழுதறப்ப ஜீனை மூடி வைக்கற ரெப்ரெஸரை யாரும் பிரிச்சு எடுத்ததே கிடையாது, மியூட்டன்ட் ஈ.கோலை பாக்டீரியா எப்படி நடந்துக்குதுன்னு பாத்துப் பாத்தே உள்ள இப்படி ஒண்ணு இருந்தாகணும்னு சொன்னாங்க.

நீங்களும் அதையே செய்ங்க. ரெப்ரெஸரைத் தயாரிக்கற லாக் ஐ ஜீன் கெட்டுப்போச்சுன்னு வைங்க, ரெப்ரெஸர் இல்ல, அதனால லாக்டோஸ் இல்லாமயே அதை உடைக்கற பீட்டா கேலக்டோசிடேஸ் என்சைம் வந்துக்கிட்டே இருக்கும். சரி, ஐ நல்லா இருக்கு, ஆபரேட்டர் கெட்டுப்போச்சு, ரெப்ரெஸர் வந்து உக்கார இடமில்ல, அப்பவும் என்சைம் வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் வெளியில பாத்தா ஒரே மாதிரி, அப்ப எது கெட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எக்ஸாம்ல கேக்கறதே இதைத்தான். நல்ல லாக் பகுதி இருக்கற ஒரு எஃப் பிளாஸ்மிடை (குரோமோசோமுக்கு வெளியில தனியா இருக்கற வட்ட டி.என்.ஏ) செல்லுக்குள்ள அனுப்புங்க. சாவி தொலைஞ்சா வேற சாவி கொண்டு வந்து பூட்டிடலாம், பூட்டே உடைஞ்சா எத்தனை சாவி வந்தும் பிரயோஜனம் இல்ல இல்லையா, அதே கதைதான்: ரெப்ரெஸர் ஒரு புரோட்டீன், பிளாஸ்மிட்லேந்து மிதந்து வந்து குரோமோசோம்ல உக்காந்துடும், ஐ கோளாறு சரியாயிடும். ஆபரேட்டர் வெறும் டி.என்.ஏ இடம், பக்கத்துல இருக்கற ஜீனை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும், அதனால குரோமோசோம்ல இருக்கற கோளாறு அப்படியே இருக்கும். முதல்ல சொன்னது டிரான்ஸ், ரெண்டாவது சிஸ், புக்ல மிரட்டறது இவ்ளோதான். இப்ப நீங்களே ஒண்ணு போடுங்க, ரெப்ரெஸர் இருக்கு ஆனா லாக்டோஸ்லேந்து உண்டாகி அதைக் கழட்டி விடற அல்லோலாக்டோஸ் அதுல ஒட்டவே ஒட்டாது, என்ன ஆகும்? லாக்டோஸ் குடுத்தாலும் திறக்காது, நல்ல ஐ ஜீன் கூட இருந்தாலும் திறக்காது. அப்புறம் குளுக்கோஸை மறந்துடாதீங்க, நிறைய பேர் அதுலதான் மார்க்கை விடறாங்க: குளுக்கோஸ் கூடவே இருந்தா சைக்ளிக் ஏ.எம்.பிங்கற சிக்னல் கம்மி, அது இல்லாம ஜீனை வேகப்படுத்தற கேப் புரோட்டீன் வந்து உதவாது, லாக்டோஸ் இருந்தும் என்சைம் கொஞ்சமாத்தான் வரும்.

அந்த மூணு குழப்பத்துக்கும் இதே வழிதான். யு வடிவக் கண்ணாடிக் குழாய், நடுவுல பாக்டீரியா போக முடியாத ஃபில்டர், ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்ட்ரெயின். ஒரு ஸ்ட்ரெயின்லேந்து இன்னொண்ணுக்கு ஜீன் போறது நின்னு போச்சுன்னா தொட்டாதான் நடக்குது, அது கான்ஜுகேஷன். ஃபில்டர் இருந்தும் நடக்குது, ஆனா டி.என்.ஏவை அழிக்கற டி.என்.ஏஸ் என்சைம் ஊத்தினா நிக்குதுன்னா வெளிய கிடக்கற டி.என்.ஏவை எடுத்துக்குது, டிரான்ஸ்ஃபார்மேஷன். ரெண்டுக்கும் மசியலையா, ஃபேஜோட (பாக்டீரியாவைத் தாக்கற வைரஸ்) கோட்டுக்குள்ள டி.என்.ஏ பத்திரமா போகுது, டிரான்ஸ்டக்ஷன். ஜிண்டரும் லெடர்பெர்க்கும் 1952ல சால்மொனெல்லாவுல பிடிச்சது அதைத்தான்.

லாம்டா ஃபேஜ்லயும் ஃபேஜைத் தூங்க வைக்கற சி1 ஜீனைக் கெடுத்துப் பாருங்க. சாதாரண லாம்டா போடற பிளாக் (பாக்டீரியா செத்த இடத்துல தெரியற வட்டம்) நடுவுல மங்கலா இருக்கும், ஏன்னா லைசோஜென் ஆன, அதாவது ஃபேஜை உள்ள தூங்க விட்ட செல்லுங்க சாகாம அங்கயே வளருது. சி1 போச்சுன்னா லைசோஜெனி கிடையாது, எல்லாம் செத்து பிளாக் பளிச்னு தெளிவா இருக்கும். யு.வி அடிச்சா ஏன் தூங்கிட்டிருந்த ஃபேஜ் எழுந்திரிக்குதுன்னு கேட்டா ரெக் ஏ புரோட்டீன் தூண்டி சி1 புரோட்டீன் வெட்டுப்படறதை எழுதுங்க, முழு மார்க்.

கேள்வி: ஆர்.என்.ஏ வைரஸ்னாலே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இருக்கும்தானே?

பதில்: இல்லப்பா. டெமினும் பால்டிமோரும் 1970ல ஆர்.என்.ஏவைப் பாத்து டி.என்.ஏ எழுதற அந்த என்சைமைக் கண்டுபிடிச்சது ரெட்ரோவைரஸ்ல, எச்.ஐ.வி அந்த வகை. போலியோ, கொரோனா ஆர்.என்.ஏ பிளஸ் ஸ்ட்ராண்ட், உள்ள போன உடனே ரைபோசோம் அதை நேரா படிச்சுடும், அதனால போலியோவோட வெறும் ஆர்.என்.ஏவை மட்டும் செல்லுக்குள்ள விட்டாலே புது வைரஸ் வரும். இன்ஃப்ளூயன்ஸா மைனஸ் ஸ்ட்ராண்ட், ரைபோசோம் படிக்க முடியாது, அதான் அது ஆர்.என்.ஏவை நகலெடுக்கற தன்னோட பாலிமரேஸை கூடவே தூக்கிட்டு வருது, வெறும் ஆர்.என்.ஏவை மட்டும் விட்டா ஒண்ணும் நடக்காது.