தொட்டி மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளி நோய், மருந்து போட்டும் திரும்ப வருதே, ஏன்?

மருந்து போட்டு ரெண்டே நாள்ல புள்ளி போச்சு, ஒரு வாரத்துல திரும்ப வந்துடுச்சுன்னு கேட்டிருக்கீங்க. புள்ளி போனது குணமானதால இல்லங்க, இந்த நோயைத் தர்ற ஒட்டுண்ணி மீன் தோலுக்குள்ள தின்னு பெருத்துட்டு கீழ உதிர்ந்து, தொட்டி அடியில ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்கான குஞ்சா பிரியும், அந்தக் குஞ்சுங்க மீனைத் தேடி தண்ணில நீந்துற நேரத்துல மட்டும்தான் மருந்து அதைக் கொல்லும், தோலுக்குள்ள இருக்கும்போது மருந்து போட்டு பிரயோஜனம் இல்ல. அதனால கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரமாவது விடாம போடுங்க.

வெப்பமண்டல மீன்னா ஹீட்டர் வச்சு மெதுவா, நாளைக்கு ஒண்ணு ரெண்டு டிகிரின்னு 28-30 வரைக்கும் ஏத்தலாம், ஒட்டுண்ணியோட வாழ்க்கைச் சுழற்சி சீக்கிரம் முடியும். சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மி, ஏர் பம்ப் ஓடிட்டே இருக்கணும். ஃபில்டர்ல கார்பன் இருந்தா எடுத்துடுங்க, மருந்தை உறிஞ்சிடும் (இதைத்தான் நிறைய பேர் மறந்துட்டு மருந்தைத் திட்டுவாங்க).

அப்புறம் கோல்ட்ஃபிஷ்னா, புள்ளி செவுள் மூடியிலயும் முன் துடுப்புலயும் மட்டும் இருக்கா பாருங்க. அப்படி இருந்தா அது ஆண் மீனுக்கு இனப்பெருக்க சீசன்ல வர்றது, நோயே இல்ல.