வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அன்புள்ள அக்கா,

மண்டபம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்கரை முகாம் நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் என் பொறுப்பு. கோடை விடுமுறைக்குப் பத்துப் பேராவது வேண்டும். விலங்கியல் படித்தவர்களை எடுப்பதா, உடற்கல்வி படித்தவர்களை எடுப்பதா? எத்தனை நாள் பயிற்சி போதும்? அவர்கள் எதையெல்லாம் வாசிக்க வேண்டும்? அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறப் பயிற்சி அமைப்பைப் பற்றியும் அதைத் தொடங்கிய கல்வியாளர் குர்ட் ஹான் பற்றியும் வாசித்து வருகிறேன். மீனவர்கள் இரண்டு மூன்று பேரைப் படகுக்கும் உதவிக்கும் தினக்கூலிக்கு வைத்துக்கொள்வதாக இருக்கிறோம். உங்கள் யோசனை வேண்டும்.

எஸ்., ராமநாதபுரம்

அன்புள்ள தம்பி,

விலங்கியலா உடற்கல்வியா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்களாக, உச்சி வெயிலிலும் சிடுசிடுக்காதவர்களாகப் பார்த்து எடுங்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது "படகுக்கும் உதவிக்கும் தினக்கூலிக்கு" என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான். ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கரையில் முகாம்கள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததும் இதைப் பற்றித்தான்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து எங்களை ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் கரைக்குப் போனதும், பேசி வைத்திருந்த படகுக்காரர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீவாடு சரியில்ல, காத்தும் திரும்புது. இன்னைக்கு வேணாம் சார்" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். ஆசிரியருக்குக் கோபம். பிள்ளைகளிடம் காசு வாங்கியாயிற்று, சோறு கட்டியாயிற்று. அவரைச் சோம்பேறி என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு வேறு படகு பிடித்தார். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது அலை படகுக்குள் ஏறியது. தகர டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தோம். பக்கத்தில் இருந்த பெண் பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்துவிட்டது. எதிரே வந்து கயிறு போட்டு எங்களை இழுத்துக் கரை சேர்த்தவர் காலையில் திட்டு வாங்கிய அதே மனிதர். அவருக்கு அன்றைக்கு வாடகை கிடையாது. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. எங்களை ஏற்றிப்போனவர் மட்டும் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள். முகாம் நடந்தால் கூலி, நடக்காவிட்டால் இல்லை. அப்படி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒரு மனிதரைப் பார்த்து "இன்றைக்குப் பிள்ளைகளை இறக்கலாமா?" என்று கேட்பது என்ன நியாயம்? உண்மையைச் சொன்னால் அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டும். நீங்கள் எடுக்கப்போகும் பட்டதாரிப் பையன்களும் இதே நிலையில்தான் இருப்பார்கள். சில வார வேலை. அடுத்த ஆண்டும் கூப்பிட வேண்டுமென்றால் நிர்வாகி முகம் சுளிக்கக் கூடாது. பெற்றோர் பணம் கட்டியிருக்கிறார்கள், மூச்சுக்குழாய் மாட்டிக் கடலுக்குள் பார்க்கும் ஸ்நார்க்கலிங் என்று விளம்பரம் போயிருக்கிறது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

வெளியூரில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் விரிகுடாவில், 1993 மார்ச் 22 அன்று, பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஓர் ஆசிரியரோடும் இரண்டு பயிற்றுநர்களோடும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுகளில் போனார்கள். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பயிற்றுநர்களுக்குத் திறந்த கடலில் ஒரு குழுவைக் கொண்டுபோகிற அளவுக்குத் தேர்ச்சி இல்லை. அதைவிட என் வயிற்றைப் பிசைவது, அந்த முகாமை நடத்திய நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் முந்தைய ஆண்டே பாதுகாப்பு சரியில்லை என்று எழுத்தில் எச்சரித்துவிட்டு விலகியிருந்தார்கள் என்பது. சொன்னவர்கள் வெளியே போனார்கள், முகாம் நடந்தது. அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் தண்டிக்கப்பட்டார்கள். 1995-இல் அங்கே இதற்கென்றே சட்டம் வந்தது. குர்ட் ஹானைப் படிக்கும் நேரத்தில் இதைப் படியுங்கள். ஹானும் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்டைத் தொடங்கியதும், கப்பல் மூழ்கினால் அனுபவப்பட்ட மூத்த மாலுமிகள் பிழைக்க இளையவர்கள் செத்துப்போகிறார்களே என்ற கவலையில்தான். மூத்தவர்களுக்குத் தெரிந்தது என்ன என்பதுதான் அங்கே கேள்வி. அந்த மூத்தவர்களைத்தான் நீங்கள் தினக்கூலிக்கு வைக்கிறேன் என்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலையாக, ரத்தாகும் நாளுக்கும் முழுக்கூலி என்று எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது, வேலைக்கு எடுக்கும் தாளிலேயே இருக்க வேண்டும். அடுத்து, உங்கள் ஆட்களில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் அன்றைக்குத் தண்ணீரில் இறங்குவது இல்லை. காரணம் விளக்கத் தெரியாவிட்டாலும் சரி. நிர்வாகி அதை மாற்றக் கூடாது. நீங்களும் மாற்றக் கூடாது. கடலுக்குப் போகிறவர் வானத்தைப் பார்த்துச் சொல்வதை உங்கள் கைபேசிச் செயலி மறுத்தால், இரண்டில் எது எச்சரிக்கிறதோ அதைக் கேளுங்கள்.

மீனவர் என்றால் யாரானாலும் சரி என்றும் நினைக்காதீர்கள். மண்டபத்தில் உங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்தால் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் குமுறும், வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் தலைகீழ். வடகடலில் வத்தை என்ற சிறு படகை ஓட்டிப் பழகியவருக்குத் தென்கடலின் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே மேலே வரும் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கரையிலிருந்தும் ஆள் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வேலையில்லாமல் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மலிவாகக் கிடைப்பார்கள் என்று கூலியைக் குறைத்தீர்கள் என்றால் இந்தத் தளத்திலேயே உங்களைத் திட்டி எழுதுவேன். ஆழ்கடல் தெரிந்த அந்த மனிதர்களுக்கும் இடுப்பளவு தண்ணீரில் இருபது பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பது புது வேலை. அதற்கு உங்கள் உடற்கல்விப் பையன்கள் பழக்கிவிடட்டும்.

கடற்பாசி எடுக்கும் பெண்களை உங்கள் கடிதம் நினைக்கவே இல்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்ற பாசிகள் எந்தப் பாரில், எந்த ஆழத்தில் கிடக்கும் என்பதை விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கித் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு, காலங்காலமாகப் போய்வந்த இடங்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. நாடெங்கிலுமிருந்து விலங்கியல் மாணவர்கள் குருசடைத் தீவுக்கு வந்து பார்த்துக் குறிப்பெடுத்ததெல்லாம் இவர்கள் கைக்குத் தெரிந்த உயிர்கள். அவர்களில் இரண்டு பேரையாவது பயிற்றுநர் என்ற பெயரிலேயே, பயிற்றுநர் சம்பளத்திலேயே எடுங்கள். உங்கள் முகாமுக்கு வரும் பெண்பிள்ளைகள் நீருக்குள் கண் திறக்க அவர்களிடம் கற்றுக்கொள்வார்கள்.

பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். நாள் கணக்கு வேண்டாம். புதிதாக வருபவர் தனியாகக் குழு நடத்துவதற்கு முன்னால் சில முகாம்களில் மூத்தவர் பின்னாலேயே நடக்கட்டும். தினமும் மாலையில் எல்லாரும் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பித்தோம் என்று பேசட்டும். யார் மேலும் பழி போடாமல் பேச வேண்டும். முதலுதவி கட்டாயம். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைப்பதும், அது குத்தாமலிருக்க மணலில் காலை இழுத்து நடப்பதும் சமையல்காரர் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன், அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

இந்தப் பதிலை உங்கள் நிர்வாகியிடம் காட்டுங்கள். ரத்தான நாளுக்குக் கூலி கட்டாது என்றால் கட்டணத்தைக் கூட்டச் சொல்லுங்கள். கட்டணத்தைக் கூட்ட முடியாது என்றால் கடலில் இறக்குவதை விட்டுவிட்டு முகாமைக் கரையிலேயே நடத்துங்கள். கரைவலை இழுப்பதைக் காட்டலாம், காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போகலாம், தை மாதத்தில் என்றால் சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவை பார்க்கலாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா